பதினேழாம் கேள்வி

கேரள எல்லையோரம் பாறசாலைக்குக் கிழக்கே மூன்று வார்டுகளில் எந்த வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது முதலில் அவள் கணவனுக்குத் தெரியவரும். அடுத்தபடியாகப் புஷ்பபாய்க்குத் தெரியவரும். சில வீடுகளில் இந்த வரிசை மாறிப்போனதும் உண்டு.

காரணம் நைட்டிதான். பாலராமபுரத்திலிருந்து முண்டும் துவர்த்துத் துண்டும், திருவனந்தபுரத்திலிருந்து நைட்டியும் எடுத்து வந்து, இரண்டு கையிலும் இரண்டு பெரிய பைகளோடு பத்தொன்பது வருடமாக வீடுவீடாக ஏறி இறங்குகிறவள் அவள். முன்வாசலில் மணி அடிக்கிற பழக்கமே இல்லை. அடுக்களைப் புறமாகப் போய், "எடீ, உண்டா?" என்று ஒரு குரல். எந்தப் பெண்ணாவது பைக்குள் கையை விட்டபடி, "ஆன்ட்டி, முன்னால ஜிப் வச்சது உண்டுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால் விஷயம் முடிந்தது. புஷ்பபாய் ஒன்றும் கேட்க மாட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வசதியாக நடுவில் ஜிப் வைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, மனதுக்குள் மாதத்தைக் குறித்துக்கொள்வாள்.

வயது ஐம்பத்துமூன்று. ஆள் நல்ல உழைப்பாளி. வாய் கொஞ்சம் நீளம். குறை என்று சொன்னால் ஒன்றுதான், யாரையும் நம்ப மாட்டாள். மீன்காரன் சிரித்தால் மீன் நேற்றையது என்பாள். மருந்துக்கடையில் தேதியை இரண்டு தடவை வாசிப்பாள். சபையில் ஆராதனை முடிந்து யாராவது, "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று கையைப் பிடித்தால், இவள் என்னத்தை அறிந்துகொண்டு ஜெபிக்கிறாள் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வருவாள்.

இது அவளுடைய பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில், சபையிலிருந்து வீடு சந்திப்புக்கு வந்த ஓர் அம்மாவிடம் மனம்விட்டு அழுதிருக்கிறாள். மாமியார் ஒருநாளாவது தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை என்பதுதான் அவள் சொன்னது. அந்த அம்மா தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் பெண்கள் கூட்டத்தில் அது பொது ஜெபமாகிவிட்டது. பெயர் சொல்லவில்லை. "மருமகளுக்குச் சோறு கொடுக்காத ஒரு மாமியாரின் மனம் திரும்பும்படி" என்றுதான் ஜெபித்தார்கள். நாற்பது வீடு உள்ள சபையில் பெயர் எதற்கு? அதன்பிறகு மாமியார் கண்ணை மூடும் வரை பதினோரு வருடம், ஒவ்வொரு வேளையும் அயல்வீட்டுக்குக் கேட்கிற குரலில், "தின்னாச்சாடீ? இல்லாட்டி ஜெபத்துல சொல்லீருவாங்களாக்கும்!" என்ற கேள்வி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்போது முடிவு கட்டியவள் அவள்.

அதனால் 'கைத்தாங்கு' திட்டம் வந்தபோது ஊரிலேயே முதல் ஆளாகச் சந்தேகப்பட்டது புஷ்பபாய்தான். திருவனந்தபுரத்து அமைப்பு ஒன்றும் பஞ்சாயத்தும் சேர்ந்து நடத்துவது. கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் உள்ள வீடுகளுக்கு மாதம் இரண்டு தடவை ஒரு பெண் வருவாள். தாயோடு உட்கார்ந்து பேசுவாள், பிள்ளையின் எடை பார்ப்பாள், எதற்கு எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வாள். அவ்வளவுதான்.

"ஒண்ணும் தராம, ஒண்ணும் வாங்காம, ஒருத்தி சும்மா வந்து வர்த்தமானம் சொல்லீட்டுப் போவாளாம். ஆரு நம்புவா?" என்று கணவர் கனகதாஸிடம் கேட்டாள்.

"நல்ல காரியந்தானே" என்றார் கனகதாஸ். பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். எதையும் நம்புகிற மனிதர். ஆகவே அவர் அபிப்பிராயத்தை அந்த வீட்டில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஊர் வேறு மாதிரி சந்தேகப்பட்டது. வந்த பெண் பிரசீதாவுக்கு இருபத்தாறு வயது. தனுவச்சபுரத்தில் படித்தவள். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பையிலிருந்து, பதில்களைப் பதிகிற 'டேப்' என்ற கையடக்கக் கணினியை எடுத்ததும், இது ரேஷன் கார்டு பரிசோதனை என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். ஏழைகளுக்கான ரோஸ் கார்டை வைத்துக்கொண்டு வீட்டில் ஏசி போட்டிருந்த ஒருவர் அதன்மேல் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். இன்னொரு வீட்டுக் கார் மூன்று நாள் அயலாரின் ரப்பர் தோட்டத்துக்குள் நின்றது. கிறிஸ்தவ வீடுகளில், "வீடு சந்திப்புக்கு வந்திருக்கேன்" என்று அவள் சொன்ன உடனே, சபையிலிருந்து வந்தவளாக்கும் என்று பாய் விரித்து, ஒரு பாட்டும் பாடி, கண்ணை மூடிக்கொண்டு அவள் ஜெபிப்பதற்காகக் காத்திருந்தார்கள். நெற்றியில் சந்தனக் குறியோடு பிரசீதா நடுவில் உட்கார்ந்து முழித்திருக்கிறாள். இந்து வீடுகளில் அதே வார்த்தையைச் சொன்னதும் கதவு சாத்திக்கொண்டது.

யாரோ அவளிடம் நைட்டிக்காரியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் வந்து புஷ்பபாயின் முன்னால் கர்ப்பிணிகள் பட்டியலை வைத்தாள். நாற்பத்தொரு பெயர். புஷ்பபாய் விரலை ஓட்டிவிட்டு, "ஆறு பேரு விட்டுப்போச்சே" என்றாள்.

அப்படித்தான் அவள் அந்தத் திட்டத்தில் உதவிக்கு ஆளானாள். நம்பிப் போனாள் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருந்து பார்த்தால்தானே என்ன செய்கிறார்கள் என்று தெரியும்? 'வீடு சந்திப்பு' என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொன்னாள். முன்வாசலை விட்டு அடுக்களைப் புறமாகக் கூட்டிப்போனாள். "நான் உண்டு, பேடிக்காண்டாம், பயம் வேண்டாம்" என்று அவள் சொன்னதும் கதவுகள் திறந்தன.

பயிற்சிக்குப் பஞ்சாயத்து ஹாலில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். இருபது கேள்விகளை வாசித்துக் காட்டினார்கள். பால் கொடுப்பது, தூக்கம், தடுப்பூசி என்று எல்லாம் சாதாரணக் கேள்விகள். பதினேழாவது கேள்வியில் புஷ்பபாயின் காது நிமிர்ந்தது. 'இந்த வீட்டில் நீங்கள் பயப்படுகிற ஆள் யாராவது உண்டா?' இதை மட்டும் தாயைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், பதிலை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள்.

யாரிடமும் சொல்லக் கூடாதாம். தலையில் கைவைத்து ஜெபித்துப்போன அந்த அம்மாவை அவள் மறந்துவிடவில்லை.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் சுத்தம். இந்த ஊரில் ஒரு மருமகளைத் தனியாக வைத்துப் பேசுவது லேசான காரியமா? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது புஷ்பபாய்தான். பிரசீதா பத்தாவது கேள்வியைத் தாண்டும்போது அவள் மெல்ல மாமியார் பக்கம் திரும்புவாள். "உங்களுக்கு முட்டுவலி இப்ப எப்படி உண்டு?" அவ்வளவு போதும். பேசிக்கொண்டே முற்றத்துக்கு இறக்கிவிடுவாள். முட்டுவலிக்கு எப்படியும் பதினைந்து நிமிடம் உண்டு. சர்க்கரையும் சேர்ந்திருந்தால் அரைமணி நேரம். கையில் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டுகிற மாமியார் கிடைத்தால், உள்ளே இருபது கேள்வியையும் இரண்டு தடவை கேட்டுவிடலாம்.

வாய் முட்டுவலியைப் பேசும். காது மட்டும் உள்ளேயே இருக்கும். ஒரு வார்த்தையும் கேட்காது. பிறகு பிரசீதாவோடு ஸ்கூட்டரில் போகும்போது, "என்ன சொன்னா?" என்று கேட்டுப் பார்ப்பாள். "அது பறையக் கூடாது ஆன்ட்டி" என்பாள் அந்தப் பெண். இவள் நல்லவளா, இல்லை பெரிய கள்ளியா என்று புஷ்பபாயால் முடிவுக்கு வர முடியவில்லை.

அப்போதுதான் அதே ஊரில் விஜயம்மா என்ற மாமியாரின் விவகாரம் நடந்தது. விஜயம்மாவின் மருமகள் பிந்துவோடு பிரசீதா பேசிய மறுவாரம், பிந்துவின் கணவனைக் கூப்பிட்டு அமைப்பின் ஆட்கள் ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. விஜயம்மா தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டாள். வழியில் இறங்கி நின்று, "என்னெ டேப்புல ஏத்திப் போட்டாளுவளே! நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்?" என்று நெஞ்சில் அடித்தாள். சாயங்காலத்துக்குள் மூன்று வார்டும் அறிந்தது. கடையில், பஸ் ஸ்டாப்பில், 'டேப்பில் ஏறின மாமியார்' என்று பெயரே விழுந்துவிட்டது.

புஷ்பபாய்க்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவள் வீட்டிலும் ஒரு மருமகள் இருந்தாள்.

ஒரே மகன் நிபின் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் மனைவி ரெஷ்மா, களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. முதல் பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. தொண்ணூறு நாள் கழிந்து பிள்ளையோடு கூட்டி வருவது வழக்கம். அவளோ நாற்பத்தைந்தாம் நாளே வந்து நின்றாள். கொண்டுவிட்ட அவளுடைய அப்பா ஒரு கட்டன்காப்பி கூடக் குடிக்கவில்லை. "இங்கதான் நிக்கணும்ணு ஒரே அழுகை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெற்ற வீட்டில் நிற்க முடியாதபடி என்ன நடந்தது? பெண்ணைத் தள்ளிவிட்டார்களா, இல்லை உளவு பார்க்க அனுப்பினார்களா? புஷ்பபாயின் மூளை அன்றே வேலை தொடங்கிவிட்டது.

ரெஷ்மாவின் நடவடிக்கையும் அப்படித்தான் இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட மாட்டாள். குளிப்பாட்டுகிற கல் கிணற்றடியில் இருக்கிறது. அந்தப் பக்கமே வர மாட்டாள். "மாமி குளிப்பாட்டுங்க" என்று பிள்ளையை நீட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். "உனக்க பிள்ளைய நான் குளிப்பாட்டணும், நீ என்ன மகாராணியா?" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள். அடுக்களையிலிருந்த வெட்டுக்கத்தி திடீரென்று காணாமல் போனது. தேடிப் பார்த்தால் ரப்பர் ஷீட் புகைபோடுகிற புரையின் பரண்மேல் கிடந்தது. மரச்சீனிக் கிழங்கு வெட்டச் சொல்லிவிடுவார்களோ என்று ஒளித்து வைத்திருக்கிறாள்! அறைக் கதவைப் பட்டப்பகலிலும் சாத்த மாட்டாள். இங்கே பேசுவதை ஒட்டுக்கேட்கத்தான். காலையில் புஷ்பபாய் வேலைக்குப் புறப்பட்டால், பிள்ளையோடு வாசல்வரை வந்து, "எப்ப வருவீங்க மாமி?" என்று கேட்பாள். ஒருநாள் விடாமல் கேட்பாள். மாமி எப்போது இல்லையோ அப்போதுதானே அம்மாவுக்குப் போன் போட்டுக் கோள் சொல்ல முடியும்?

போதாததற்கு இன்னொன்றும். ஒருநாள் சாயங்காலம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இண்ணு எந்த வீட்டுக்குப் போனீங்க? அந்த அக்கா உள்ள என்னல்லாம் கேப்பாங்க?" என்று விசாரித்தாள். பதினேழாவது கேள்வியை இவளிடம் கேட்டால் இவள் என்ன பதில் சொல்வாள் என்று புஷ்பபாய்க்கு மணிமணியாகத் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை பிரசீதா டேப்பில் புதுப் பட்டியலைத் திறந்தாள். "ரெஷ்மா நிபின். இது ஆன்ட்டிக்க மருமகள் இல்லியா? நாளைக்குப் போகலாமா?"

"அவ அவளுக்க வீட்டுல உண்டு மக்கா. தமிழ்நாட்டுல. தொண்ணூறு கழிஞ்சுதான் வருவா."

அந்த எல்லையோரத்தில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. பட்டியலில் பாதிப் பெண்கள் எப்போது கேட்டாலும் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். அந்தப் பக்கத்துச் சுகாதார ஊழியர் கேட்டால், புருஷன் வீட்டுக்குப் போயாச்சு என்று இந்தப் பக்கம் கையைக் காட்டுவார்கள். பிரசீதா மறுபேச்சில்லாமல் 'தாய்வீடு' என்று ஒரு தட்டுத் தட்டி, அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

அப்புறம் எல்லாம் சுகமாகத்தான் நடந்தது. காலை ஒன்பதுக்கு வீட்டைவிட்டு இறங்குவாள். மற்ற வீட்டு மாமியார்களின் முட்டுவலியைக் கேட்பாள். மத்தியானம் தாண்டித் திரும்புவாள். ரெஷ்மா நாளுக்கு நாள் மெலிந்து, பேச்சுக் குறைந்து வருவதைப் பார்க்காமல் இல்லை. அவளுக்குப் பேறுகால லேகியமும் பூண்டுக் குழம்பும் முறை தவறாமல் கொடுத்தாள். நாளைக்கு யாரும் ஒரு குற்றம் சொல்லக் கூடாது.

இருபத்துமூன்று நாள் ஆயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை. ஜங்ஷனில் பிரசீதாவுக்காகக் காத்து நின்றாள். ஒன்பதரை ஆயிற்று, பத்தாயிற்று. போன் அடித்தால் எடுக்கவில்லை. வெயில் தலைக்கு ஏறியதும் எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பினாள். முற்றத்துப் பலாமரத்தின் அடியில் பிரசீதாவின் ஸ்கூட்டர் நின்றது.

கால் அப்படியே நின்றுவிட்டது.

முன்கதவு சாத்தியிருந்தது. அடுக்களைப் புறம் ஓடினாள். அதுவும் சாத்தியிருந்தது. தட்டலாம். அவள் வீடு, அவள் கதவு. ஆனால் தாயோடு தனியாகப் பேசும்போது யாரும் உள்ளே போகக் கூடாது என்று நாற்பது வீட்டில் காவல் நின்றவள் அவள். ஒரு வீட்டில் மாமனாரையே கையை நீட்டித் தடுத்திருக்கிறாள். ஓங்கிய கையைக் கீழே போட்டாள்.

சுவரில் காதை வைத்தாள். முணுமுணுப்புதான் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அதன்பிறகு ரெஷ்மா அழுகிற சத்தம் கேட்டது. பெருங்குரலெடுத்து, மூச்சு முட்டி அழுதாள்.

பதினேழுக்கு வந்தாயிற்று என்று புஷ்பபாய்க்குத் தெரிந்தது.

கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம்தான் முதலில் வந்தது. பாவி, என் சோற்றைத் தின்றுகொண்டு என்னையே! பிறகு தான் செய்த நல்லதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். லேகியம் கிண்டினேன், பிள்ளையை நான்தான் குளிப்பாட்டினேன், ராத்திரி எழுந்து பார்த்தேன். நினைக்க நினைக்க மற்றதும் கூடவே வந்தது. மகாராணியா என்று கேட்டது வந்தது. உங்க வீட்டுல ஒண்ணும் படிச்சுத் தரலியா என்று கேட்டது வந்தது. பதினோரு வருடம் தன் காதில் விழுந்ததே, அந்தக் குரலில்தான் அதைக் கேட்டோமோ என்று சந்தேகம் வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று வார்டும் அறியும். ஞாயிற்றுக்கிழமை சபையில் எந்த முகத்தோடு உட்காருவது?

கதவு திறந்தது. பிரசீதா வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, ரெஷ்மாவை இண்ணைக்கே டாக்டர்கிட்டக் காட்டணும். நான் போன் பண்ணிச் சொல்லியாச்சு. மாமாவை ஆட்டோ கொண்டுவரச் சொல்லுங்க."

புஷ்பபாய் அதைக் கேட்டாள். கேட்டும், அவள் வாயில் வந்தது வேறு. "என்னப் பத்தி அவ என்ன சொன்னா?"

பிரசீதா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையைப் புஷ்பபாய் சாகும்வரை மறக்க மாட்டாள். "அது அவளுக்குத் தோணினா அவளே சொல்லட்டு, ஆன்ட்டி."

உள்ளே கட்டிலில் ரெஷ்மா உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கட்டிலின் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமியப் பத்தி ஒண்ணும் சொல்லல்ல" என்றாள். வெளியே கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. "இந்த வீட்டுல பயப்படணும்ணு ஆராவது உண்டுமாண்ணு கேட்டாங்க. உண்டுண்ணு சொன்னேன்."

"ஆரு?"

"நானாக்கும் மாமி."

புஷ்பபாய்க்குப் புரியவில்லை.

"பிள்ளைய எடுத்துட்டுக் கெணத்துப் பக்கம் வந்தா, கை தானா விட்டுருமோண்ணு தோணுது. விடணும்ணு எனக்கு இல்ல மாமி, சத்தியமா இல்ல. ஆனா தோணுது. கத்தியப் பாத்தாலும் தோணுது. நாந்தான் கொண்டு பரண்ல போட்டேன். எனக்க வீட்டுக்குப் பின்னால சானல் தண்ணி ஓடுதில்லியா. அதுக்குப் பயந்துதான் அப்பாகிட்ட அழுது இங்க வந்தேன். இங்க வந்தா கெணறு." மூச்சு வாங்கியது. "மாமி கூட நிக்கும்போ கொறச்சு சமாதானம் உண்டு. மாமி ஒம்பது மணிக்குப் போனா, திரும்பி வாறது வரைக்கும் நான் இந்தக் கதவத் தொறந்து வச்சு வழியப் பாத்து உக்காந்திருப்பேன்."

புஷ்பபாய் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா மக்களே?"

"சொன்னா எனக்குப் பைத்தியம்ணு பிள்ளைய வாங்கி வச்சிருவீங்களோண்ணு பயம். மாமி எல்லா வீட்டுக்கும் அந்த அக்காவக் கூட்டீட்டுப் போறீங்களே. இண்ணு வருவாங்க, நாளைக்கு வருவாங்கண்ணு இருந்தேன். நம்ம வீட்டுக்கு மட்டும் வரல்ல. பின்ன, மாமிக்க பையில கெடந்த நோட்டீஸ்ல நம்பர் பாத்து நானே விளிச்சேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் தாங்கவில்லை. இந்த வீட்டில் இருப்பவள் இல்லை என்று சொன்னது யார் என்று பிரசீதா அவளிடம் சொன்னாளா, அவளே ஊகித்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. மற்ற வீட்டு மருமகள்கள் வாய் திறக்க வேண்டும் என்று வெயிலில் நின்று காவல் காத்தோமே, அந்த நேரமெல்லாம் இந்தப் பெண் தன் கையையே நம்ப முடியாமல் ஒரு கிணற்றோடும் ஒரு குழந்தையோடும் தனியாக இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு நாள் தவறியிருந்தால்?

கனகதாஸ் ஆட்டோவோடு வந்தார். பிள்ளையைப் புஷ்பபாய் எடுத்துக்கொண்டாள். பிரசீதா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள்.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் ஒரு பெண். வயது நாற்பதுக்குள் இருக்கும், நிதானமாகப் பேசினார். ரெஷ்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். இது பைத்தியம் இல்லை, பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருகிற ஒரு சுகக்கேடு, மருந்து உண்டு, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், பிள்ளையை யாரும் வாங்கிக்கொள்ளப் போவதும் இல்லை என்றார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் ரெஷ்மாவின் தோள் தளர்ந்தது.

"இவ்வளவு நாள் ஏன் வரவில்லை?" என்று கேட்டார் டாக்டர்.

ரெஷ்மா ஒரு நொடி புஷ்பபாயைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல ஆருக்கும் தெரியாது டாக்டர். நான் சொல்லல்ல" என்றாள்.

ஊகித்தது மட்டுமில்லை, எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மாமியாரின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். புஷ்பபாய் வாயை மூடிக்கொண்டு இருந்தால் காரியம் அதோடு முடிந்துவிடும். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மூன்று வார்டில் ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை.

"அவ சொல்றது சரியில்ல" என்றாள் புஷ்பபாய். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. "இவளக் காணத்தான் அந்தப் பெண்ணு வரப்போனா. நானாக்கும் இவ வீட்டுல இல்லண்ணு கள்ளம் சொன்னது. என்னப் பத்திக் குத்தம் சொல்லீருவாளோண்ணு. இருவத்திமூணு நாளு. எழுதணும்ணா எழுதிக்கோங்க, டாக்டரே."

டாக்டர் எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்கு இவளைத் தனியாக விடக் கூடாது. எப்போதும் ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். யார் இருப்பார்கள்?"

நான் இருப்பேன் என்று சொல்ல வாய் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். அதைச் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்று பட்டது.

"ஆரு வேணும்ணு இவகிட்டக் கேளுங்க" என்றாள். "நானா, இவளுக்க அம்மையா, ஆருண்ணு இவ சொல்லட்டு. நான் வெளிய நிக்கேன். எனக்க முன்னால சொல்ல மாட்டா."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். கதவை ஒட்டி ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. பிரசீதா அதைக் காட்டி, "இருங்க ஆன்ட்டி" என்றாள். புஷ்பபாய் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். வராந்தாவின் அந்தக் கடைசிவரை நடந்து, உள்ளே பேசுவது எந்த விதத்திலும் கேட்க முடியாத ஓர் இடமாகப் பார்த்து, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.